பதினேழு கிலோ முந்நூறு

அன்று காலை, எலும்பின் அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பணி ஓய்வு பெற்ற முத்திரை ஆய்வாளர், இடுப்பில் பட்டை கட்டி மேசை மீது மல்லாந்து படுத்திருந்தார். அவருடைய மனைவி, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மனைவியின் தம்பி, தையல்காரர், கழுத்திலிருந்து அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். இயந்திரத்தை ஓட்டிய பெண் ஒருவர். எலும்பு டாக்டர் ஒருவர். அவரும் பெண், ஆய்வாளரின் மகள் வயதுதான் இருக்கும். ஆறாவது ஆள் கிடையாது. மகள் அங்கே வரவில்லை. மருமகன் வீட்டாரும் யாரும் வரவில்லை. பின்னால் ஆளுக்கு ஒரு கதை கட்டினார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

முத்திரை ஆய்வாளர் என்றால் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து, சரியானதற்கு முத்திரை குத்தி, கோளாறானதைப் பறிமுதல் செய்கிறவர். முப்பத்து நான்கு வருடம் அந்த வேலையைச் செய்தவர். எடைக்கல்லை விரலால் தொட மாட்டார். விரல் வியர்வைக்கும் எடை உண்டு என்று சின்னக் கல்லை இடுக்கியாலும் பெரிய கல்லைத் துணி சுற்றியும்தான் எடுப்பார். எந்தக் கடையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. தெருவில் அவருக்குத் 'தராசு' என்றுதான் பெயர். அந்தப் பட்டத்தை வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதை விருதாக எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு இயந்திரத்துக்கு அடியில் சும்மா படுத்துக்கொண்டிருப்பாரா?

"ஏம்மா, இந்த மெஷினைக் கடைசியா எப்ப சரி பார்த்தீங்க?"

"இன்னைக்குக் காலைலதான் சார். தினமும் பார்ப்போம்."

"எதை வெச்சுப் பார்ப்பீங்க?"

அந்தப் பெண் அலமாரியைத் திறந்து ஒரு பிசின் கட்டையை எடுத்து வந்து காட்டினார். உள்ளே முதுகெலும்பு மாதிரி நான்கு துண்டுகள் பதித்திருந்தன. அவற்றின் அடர்த்தி இவ்வளவு என்று முன்பே தெரியும். காலையில் கட்டையை மேசையில் வைத்து ஓட்டும்போது இயந்திரம் அதே எண்ணைச் சொன்னால்தான் ஆளைப் படுக்க வைப்பார்கள். ஆய்வாளர் படுத்த வாக்கிலேயே கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்க எடைக்கல்லு. சரி, ஓட்டுங்க."

"அப்பாடா, முத்திரை குத்திட்டார்" என்றார் தையல்காரர். "இனிமே பயமில்லம்மா, மெஷினைத் தூக்கிட்டுப் போக மாட்டார்."

"நீ உன் ஊசியைப் பாரு" என்றார் ஆய்வாளர் கூரையைப் பார்த்துக்கொண்டே.

இயந்திரத்தின் கை அவர் மேல் மெல்ல நகர்ந்து போய்த் திரும்பி வந்தது. டாக்டர் திரையைப் பார்த்தார். ஒரு முறை கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டார்.

"இளவயசு எலும்பை சைபர்னு வெச்சா, உங்க இடுப்பு எலும்பு மைனஸ் ரெண்டு புள்ளி எட்டு."

"மைனஸா? காலித் தட்டுல முள்ளு சைபருக்குக் கீழே நின்னா தராசுல கோளாறுன்னு அர்த்தம், டாக்டர்."

"கோளாறு தராசுல இல்லீங்க ஐயா" என்றார் டாக்டர்.

அவர் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும்.

பணியில் இருந்த கடைசி வருடங்களில் அவர் பறிமுதல் செய்த தராசுகளில் ஒன்று, நாலு தெரு தள்ளியிருந்த மளிகைக் கடைக்காரருடையது. தட்டின் அடியில் ஈயத்துண்டு ஒட்டியிருந்தது. கிலோவுக்கு நாற்பது கிராம் குறையும். ஊர் பார்க்கத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். சில வருடம் கழித்து அவருடைய ஒரே மகள், அதே மளிகைக் கடைக்காரரின் மகனைக் கட்டிக்கொள்ளப் போவதாக வந்து நின்றாள். பையன் கடைப் பக்கமே போகாதவன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆய்வாளருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"கள்ளத் தராசு வீட்டுக்கு என் வீட்டுப் பொண்ணு போகாது" என்றார்.

"ஈயம் ஒட்டினது அவங்கப்பா. இவர் ஒட்டலை."

"ஒரே தட்டுல சாப்பிட்டவன்தானே?"

மகள் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை அவர் இளகியிருப்பார். அவரைப் போலவே முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

"சரிப்பா. நான் போறேன். நீங்களா வாயைத் திறந்து 'வா'ன்னு கூப்பிடுங்க, அன்னைக்கு வர்றேன். அதுவரைக்கும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

"நான் கூப்பிட மாட்டேன். நீயாத்தான் வருவே. அப்ப நான் இங்கதான் இருப்பேன்."

இது நடந்து ஆறு வருடம். இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அந்தக் குடும்பத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர் யாரும் பிறக்கவில்லை. அதுதான் அந்தக் குடும்பத்தின் பெருமை. கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அதுதான் அதன் நோயும்கூட.

'நான் இங்கதான் இருப்பேன்' என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். பிறகுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று அவருக்கு உறைத்தது. இருக்க வேண்டுமே! அவருடைய அப்பா எழுபதில் போனவர். பெரியப்பா எழுபத்தொன்று. மகளுக்கோ இவருடைய பிடிவாதம் அப்படியே வந்திருந்தது. அவள் இறங்கி வர இருபது வருடம்கூட ஆகலாம் என்று கணக்குப் போட்டார். ஆயுசுக் கயிறு அவ்வளவு தூரம் எட்டாது போலிருந்தது.

மகள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்த அந்த நேரத்தில்தான் முடிவெட்டும் கடையில் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையில் படித்தார்: சாப்பாட்டில் கால் பங்கைக் குறைத்த எலிகள் மற்ற எலிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தனவாம். எலியும் உயிர்தான், ஆய்வாளரும் உயிர்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒரு தொலைபேசி எண்ணை அழுத்துவதைவிட நூறு வயது வரை வாழ்ந்துவிடுவது அவருக்குச் சுலபமாகப் பட்டது.

மறுநாளே சாப்பாட்டு மேசைக்கு இருதட்டுத் தராசு வந்துவிட்டது. அது அவருடைய சொந்தத் தராசு. அலுவலகம் பழைய சாமான்களைக் கழித்து விற்றபோது எடைக்கற்களோடு சேர்த்து முறையாக வாங்கியது, ரசீது இருக்கிறது. சோறு, பருப்பு, கீரை எல்லாமே இடுக்கி பிடித்த கையால் அளக்கப்பட்டன. ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி எடுத்துவிட்டு முள் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். காலையில் இரண்டாக இருந்த முட்டை ஒன்றாயிற்று. பால் பாதியாயிற்று.

"அப்படியே சோத்து மேல முத்திரையும் குத்திடுங்க" என்றார் மனைவி முதல் வாரம்.

இரண்டாவது மாதம், "என்னங்க, நான் சமைக்கிறது பிடிக்கலேன்னா வாயைத் திறந்து சொல்லுங்க" என்றார். ஒரு வருடம் கழித்து எதுவும் சொல்வதை விட்டுவிட்டார். அவர் எழுந்து போன பிறகு தராசுத் தட்டில் ஒட்டியிருக்கும் பருக்கைகளைத் துடைத்து வைப்பது மட்டும் தொடர்ந்தது.

அறுபத்தாறு கிலோ இருந்தவர் அறுபதானார், ஐம்பத்தாறானார், ஐம்பத்தொன்றானார். தினமும் காலையில் நின்று எடை பார்த்துச் சுவர்க் காலண்டரில் பென்சிலால் எழுதுவார். எண் குறையக் குறைய அவருக்கு உற்சாகம். ஒரு கிலோ குறைந்தால் ஒரு வருடம் கூடியது போல.

சந்தேகப்பட்டது தையல்காரர் ஒருவர்தான். நான்கு வருடத்தில் அத்தானின் கால்சட்டைகளை ஐந்து தடவை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தவர் அவர்.

"அத்தான், இதுக்கு மேல பிடிச்சா முன்னாடி இருக்கிற ரெண்டு பாக்கெட்டும் பின்னாடி போய்க் கைகுலுக்கிக்கும்."

"கொழுப்பு போச்சு. நல்லதுதானே?"

"இடுப்புல போனா சரி. தொடைல ஏன் போகுது? சைக்கிள் மிதிச்சு ஊரையே சுத்தின தொடை. என் நாடாவுக்கு இப்ப அது கை மாதிரி இருக்கு. அப்புறம் இன்னொண்ணு, கோவிச்சுக்கக் கூடாது. பழைய சட்டையெல்லாம் ஒரு அங்குலம் நீளமாத் தொங்குது."

"துணி தளர்ந்திருக்கும்."

"துணி தளர்ந்தா அகலத்துலயும்தானே தளரணும்?"

"உன் நாடாவுக்கு முத்திரை இருக்கா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் அந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தராசு, காலண்டர், நாடா எதுவுமே அவருக்கு நினைவில் இருக்காது. அது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மனைவி சமையலறைக்குள் போய் மகளுக்குப் போன் போடுவார். ஆய்வாளர், தற்செயலாக வந்து உட்கார்ந்தவர் போல, சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொள்வார். பேப்பரின் பக்கம் அந்த ஒரு மணி நேரமும் திரும்பாது. மகளின் குரல் அவருக்குக் கேட்காது. மனைவியின் பதில்தான் கேட்கும். மனைவி அதற்கும் வழி வைத்திருந்தார். மகள் சொல்வதையெல்லாம் காது கேளாதவர் போலத் திருப்பிச் சொல்வார்.

"என்னது? பல்லு விழுந்துடுச்சா? கீழ்ப் பல்லா?"

"என்னது? தாத்தா எங்கேன்னு கேட்டாளா? ... சரி, சரி, நீ என்ன சொன்னே?"

அதற்கு மகள் என்ன சொன்னாள் என்பதை மட்டும் மனைவி திருப்பிச் சொல்லவில்லை. ஆய்வாளர் அன்று இரண்டு தடவை தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய் வந்தார். மனைவியும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பேத்தி பிறந்த நாளிலிருந்து இந்த அரைப் பேச்சிலேயே அவளை அவர் வளர்த்தார். அவள் பிறந்தபோது மனைவி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னது? ரெண்டு கிலோ எண்ணூறா? நல்ல எடைதான்" என்று கத்தினார். ஆய்வாளர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனார். கதவைச் சாத்தினார். எடைக்கல் பெட்டியைத் திறந்து, இரண்டு கிலோ ஒன்று, ஐந்நூறு ஒன்று, இருநூறு ஒன்று, நூறு ஒன்று எடுத்து ஒரு துண்டில் சுற்றி, இடது கை மடிப்பில் வைத்துப் பார்த்தார். இவ்வளவுதான் இருப்பாள். இங்கே தலை. இங்கே கால். முப்பத்து நான்கு வருடத்தில் எடைக்கல்லை வெறும் கையால் தொட்டது அன்றுதான்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு எடை சொல்வார்கள், பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு எடை. ஒன்பது கிலோ நூறு. பன்னிரண்டு. பதினான்கு ஐந்நூறு. மனைவி சுவருக்கு அந்தப் பக்கம் திருப்பிச் சொல்வார். இவர் பின்னறைக்குப் போவார். துண்டு போதாமல் போனபோது மகளின் பழைய பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டார். நீல நிறம், மூலையில் மசிக்கறை. அதற்குள் கற்களை அடுக்கி, குனிந்து, இரண்டு கையாலும் வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, ஜன்னல் வரை நடந்து போய்த் திரும்புவார். என்றைக்காவது அவள் வாசலில் வந்து நிற்பாள். அன்றைக்குத் தாத்தா அவளைத் தூக்க வேண்டும். தூக்க முடியாமல் திணறுகிற தாத்தாவாக அவள் முன் நிற்கக் கூடாது. அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அந்த ஆசைக்காகத்தான் பசியைப் பொறுத்தார். அந்த ஆசைக்காகத்தான் நூறு வயது.

பையின் எடை கூடிக்கொண்டே வந்தது. அதைத் தூக்குகிறவர் எடை குறைந்துகொண்டே வந்தது. இரண்டையும் அளந்தவர் அவரேதான். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பதினான்கு ஐந்நூறின்போது கால் நடுங்கியது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "என்னது? பதினேழு கிலோ முந்நூறா?" என்று குரல் வந்தது.

பத்து கிலோ இரும்புக் கல், ஐந்து, இரண்டு, பித்தளையில் இருநூறு, நூறு. பையின் வாரை இழுத்துக் கட்டினார். குனிந்து வாரி எடுத்தார். மார்பு வரை வந்துவிட்டது. அப்போது முதுகுக்கு உள்ளே, சாக்கட்டி ஒடிகிற மாதிரி, சின்னதாக ஒரு சத்தம். வலி அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வலியிலும் அவர் பையைக் கீழே போடவில்லை. மெல்ல முழங்காலை மடக்கி, பையைத் தரையில் தூங்குகிற பிள்ளையை வைப்பது போல வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

மனைவி வந்து பார்த்தபோது அவருக்கு முகமெல்லாம் வியர்வை. "என்னங்க, என்ன இது, என்னத்தைத் தூக்கினீங்க?" என்று பையைப் பிரித்தார். ஒவ்வொரு கல்லாக வெளியே எடுத்தார். பத்து. ஐந்து. இரண்டு. பித்தளைக் கற்களை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கூட்டிப் பார்க்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த எண்ணைக் கத்திச் சொன்னவரே அவர்தானே.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"பொறந்ததுலேருந்து" என்றார் ஆய்வாளர்.

மனைவி கற்களைப் பெட்டியில் அதனதன் குழியில் வைத்தார். பிறகு தம்பிக்குப் போன் செய்தார்.

ஸ்கேன் அறையில் டாக்டர் இன்னொரு தாளையும் கையில் வைத்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன், ஓய்வூதியக்காரர்களுக்கு நடந்த பொதுப் பரிசோதனையில் இதே இயந்திரத்தில் அவரைப் படுக்க வைத்து எலும்பு, கொழுப்பு, தசை என்று தனித்தனியாக அளந்து எடுத்தது. சாப்பாட்டை அளக்கத் தொடங்குவதற்கு முந்தின மாதம்.

"ஐயா, முதுகுல ஒரு எலும்பு அழுந்தி விரிசல் விட்டிருக்கு. அது ஆறிடும். அதைவிட எனக்குக் கவலை இதுதான். அப்ப அறுபத்தாறு கிலோ. இப்ப ஐம்பத்தொண்ணு. பதினஞ்சு கிலோ போயிருக்கு. அதுல கொழுப்பு ஒன்பதுதான்."

"மீதி ஆறு?"

"பெரும்பாலும் தசை. கை, கால், தொடை. வேண்டிய அளவு சாப்பிடலேன்னா உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துக்காது, தசையையும் கரைச்சு எடுத்துக்கும். இந்த வயசுல இன்னும் வேகமா. உடம்பு இளைச்சு, தசையோட இழுப்பும் குறைஞ்சா எலும்பும் மெலிஞ்சுடும். அப்பவே உங்களுக்கு எலும்பு கொஞ்சம் குறைவுதான். நாலு வருஷத்துல ரொம்பக் கீழே வந்துடுச்சு."

"நான் தினமும் எடை பார்த்தேனே, டாக்டர். ஒரு நாள் தவறாம."

"எவ்வளவு போச்சுன்னு பார்த்தீங்க. எது போச்சுன்னு பார்க்கலே."

முப்பத்து நான்கு வருடம் அவர் அப்படித்தான் வேலை பார்த்தார். கடைக்காரன் ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ இருக்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. பைக்குள் இருப்பது பருப்பா கல்லா என்பது அவர் கேள்வி அல்ல. கலப்படம் வேறு துறை.

இயந்திரத்தின் மேல் குற்றம் சொல்லவும் வழியில்லை. கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து ஒப்புக்கொண்டவர் அவரேதான்.

"எலிங்க ரொம்ப நாள் இருந்துச்சுன்னு படிச்சேன்" என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

"எலிக்கு நீண்டிருக்கலாம். மனுஷங்களுக்கு அப்படி ஆயுசு நீளும்னு இதுவரைக்கும் யாரும் காட்டலே. அதுவும் எலி யாரையும் தூக்க வேண்டியதில்லையே, ஐயா."

தையல்காரருக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

"இனிமே என்ன செய்யணும்?"

"மாத்திரை தர்றேன். முட்டை, பால், பருப்பு, இதெல்லாம் நல்லா சாப்பிடணும். விரிசல் ஆற ஆற தசைக்குப் பயிற்சி, மெதுவா. தசையை ஓரளவு திரும்பக் கொண்டு வந்துடலாம். எலும்பு மெதுவாத்தான் ஏறும், பழைய அளவுக்கு வராமலும் போகலாம். இப்போதைக்கு ரெண்டு கிலோவுக்கு மேல எதையும் தூக்கக் கூடாது."

"அஞ்சு வயசுக் குழந்தையை?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "பேத்தியா? எப்பவுமே கூடாதுன்னு சொல்லலே. ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம். ஆனா அதுக்குள்ள அவ வளர்ந்துடுவாளே."

"அதைத்தான் டாக்டர், அஞ்சு வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன்" என்றார் மனைவி.

அந்த அறையில் அவர் பேசியது அது ஒன்றுதான். உண்மையில் அதற்கு முன் ஒரு தடவைகூட அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கிலோக் கணக்கில் சொன்னதுதான். இரண்டு எண்ணூறு, ஒன்பது நூறு, பன்னிரண்டு, பதினான்கு ஐந்நூறு. ஆய்வாளருக்கு இப்போதுதான் அது கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் ஒவ்வொரு குழியிலும் தையல்காரர் ஓட்டுநரின் தோளைத் தட்டி, "மெதுவா, மெதுவா, உள்ளே கண்ணாடிச் சாமான் இருக்கு" என்றார். ஆய்வாளர் அதற்குக்கூட முறைக்கவில்லை.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் மனைவி கேட்காமலேயே இரண்டு முட்டை வைத்தார். அவர் இரண்டையும் சாப்பிட்டார். தராசு மேசை மேலேயே இருந்தது, தட்டுகள் காலியாக.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மனைவி போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். நாற்காலி சுவருக்கு இந்தப் பக்கம் போட்டிருந்தது; ஆய்வாளர் அதில் இல்லை. பின்னறையில், கட்டிலில், முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்திருந்தார். கட்டிலை ஒட்டிய ஸ்டூலில் எடைக்கல் பெட்டி, மூடி திறந்தபடி. பெட்டி மூடியின் உட்புறத்தில், எடைக்கற்களைக் கடைசியாகச் சரி பார்த்த தேதியை எழுதுகிற இடத்தில், பென்சிலால் ஒரு எண் எழுதியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்பு மனைவியின் போனிலிருந்து அவர் காப்பி எடுத்து வைத்தது. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துத் தன் போனில் அழுத்தினார். ஒரு எண்ணைத் தவறாக அழுத்தி, அழித்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"யாரு?" என்றது ஒரு சின்னக் குரல்.

என்ன பேச வேண்டும் என்று அவர் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தார். மகள் எடுப்பாள் என்று நினைத்து யோசித்தது. இந்தக் குரலுக்கு அதில் இடமே இல்லை. வாயில் வந்தது இதுதான்:

"நீ இப்ப எத்தனை கிலோ?"

மறுமுனையில் போனை விலக்கிக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்துவது கேட்டது. "அம்மா! யாரோ ஒரு தாத்தா என் வெயிட்டைக் கேக்கறாங்க!"

ஒரு பாத்திரம் விழுந்த சத்தம். ஓடி வருகிற காலடி. பிறகு மூச்சு மட்டும்.

"அப்பா?"

"ம்."

"அப்பா, என்ன ஆச்சு? அம்மா நல்லா இருக்காங்களா?"

"அம்மா சமையலறைல உனக்குப் போன் பண்ணிட்டு இருப்பா. லைன் கிடைக்காம எரிச்சலா இருப்பா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான் கூப்பிட்டேன்."

அவள் பேசவில்லை. அவள் பேச மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டிய சொல் இன்னும் வரவில்லை. அது வராமல் அவள் அசைய மாட்டாள். அவர் மகள்.

"வா" என்றார்.

சொல்லி முடித்ததும் தட்டிலிருந்து யாரோ கல்லை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் தானாகவே வந்தது. "மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. சம்பந்தி வர்றதா இருந்தா அவரையும். உம் பொண்ணைக் கூட்டிட்டு வா."

"அப்பா..."

"ஒரு விஷயம் சொல்லிடறேன், கேட்டுக்கோ. என்னால அவளைத் தூக்க முடியாது. ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அவ வந்து கையை நீட்டினா நான் சும்மா நிக்கணும். அதை முன்னாடியே அவகிட்டச் சொல்லி வெச்சிடு."

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீங்க உக்காந்துக்கோங்கப்பா" என்றாள். "அவளே ஏறிக்குவா."

பள்ளிக்கூடம் விடுமுறை விட இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. விட்டதும் வருகிறார்கள். அந்த ஏழு வாரத்துக்கு ஆய்வாளர் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாசலுக்கு நேராகப் போட்டு வைத்திருக்கிறார். விரிசல் ஆறிக்கொண்டிருக்கிறது; டாக்டர் சொன்னபடி கைப்பிடியைத் தொடாமல் அதிலிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறார். முதல் நாள் இரண்டு தடவை. இப்போது ஆறு. தராசு சாப்பாட்டு மேசையில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட அவரால் முடியாது. முன்பு இதற்கு மேல் போகக் கூடாது என்று அளந்தார். இப்போது இதற்குக் கீழே போகக் கூடாது என்று அளக்கிறார். சட்டை இன்னமும் ஒரு அங்குலம் நீளமாகத்தான் தொங்குகிறது. முதுகெலும்பு அழுந்தி உயரத்தில் குறைந்துபோன அந்த அங்குலம் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல்காரர் சட்டைகளை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், அவர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் மடித்துத் தைக்க.

தெருவில் ஒரு பேச்சு நடக்கிறது. கிழவர் முதுகை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டார், அதைக் கேள்விப்பட்டு மகள்தான் மனசு கேட்காமல் முதலில் போன் செய்தாள் என்று. மகள் செய்யவில்லை. அவர்தான் செய்தார்.